நாலாம் கூடு

கொடுவா துப்பிவிட்டது.

முதல் பிடி உருண்டை தண்ணீரில் விழுந்ததும்
ஓடி வந்து கவ்வி,
ஒரு கணம் வாயில் வைத்திருந்து,
மருந்துக் குளிசையைக் கண்டுபிடித்த பிள்ளை போல்
தூ.
கொப்பியில் எழுதினேன்:
நாலாம் கூடு. காலை ஆறு பத்து. துப்பியது.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் முதுகில்
வெயில் ஏறத் தொடங்கும் நேரம்.
கடலில் பன்னிரண்டு வளையங்கள்.
பதினொன்றில் பழைய தீன்,
சூடையும் நெத்தலியும் காய்ந்து அரைபட்டு வந்த மா.
நாலாவதில் மட்டும்
சோயா, கௌபி, எள்ளுப் புண்ணாக்கு,
கொஞ்சம் முருங்கையிலைத் தூள்.

கணக்கு என் வேலை.
எங்கள் கூட்டில் ஒரு கிலோ கொடுவா தேற
மூன்று கிலோ சூடை போகிறது.
கொடுவா ஐஸ் பெட்டியில் படுத்து
கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்.
அந்த மூன்று கிலோவும்
எந்தச் சட்டியில் கொதித்திருக்கும் என்று
கொப்பியில் எழுத நிரல் இல்லை.

சூடையை மா ஆலைக்கு ஏற்றுவது மஹ்சூமின் லொறி.
கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து
இறங்குதுறையில் என்னைக் கண்டால்
முதல் கேள்வி:
"ஒங்கட மீன் இன்னும் துப்புதா புள்ள?"
துப்புது என்றால்
அல்ஹம்துலில்லாஹ் என்பான், சிரிப்பான்.
லொறிக்கு இன்னும் பதினாலு மாதத் தவணை.

எட்டாம் நாள் தின்றன. ஆனால் வளரவில்லை.
தில்ருக் சேர் ஒன்றை அறுத்துக் காட்டினார்.
குடல், தீப்பட்ட தோல் போல் சிவந்து.
பச்சைச் சோயாவுக்குள் ஒரு பூட்டு இருக்கிறதாம்.
தின்றாலும் உடம்பில் ஒட்டவிடாத பூட்டு.
சூடுதான் திறப்பு.

பாலையூற்றில் ஒரு தார்ப் பீப்பாயைப்
பிளந்து, சுட்டுக் கழுவி, அடுப்பாக்கி
மூன்று இரவு வறுத்தேன்.
கச்சான் விற்கிறோம் என்று நினைத்து
தெருப் பிள்ளைகள் இருபது ரூபாத் தாளோடு
வரிசையில் நின்றார்கள்.

பிறகு மூட்டைகளை
அலுவலக வாசலில் ஒரு இரவு விட்டது என் பிழை.
விடியப் போனால்
கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான்கள் ஐந்து
சாக்கைக் கிழித்து,
தலை நிமிராமல், கூச்சமில்லாமல்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் படம் எடுத்தார்கள்.
மீன் துப்பியதை மான் தின்கிறது.
குறிப்பு என்ற இடத்தில் அதையும் எழுதினேன்.
சேர் சிவப்பு மையால் வெட்டினார்.

மிஞ்சிய ஒன்றரை மூட்டைக்கு
கணவாய் கழுவிய தண்ணீர் தெளித்தேன்.
ஏமாற்றுத்தான்.
கடலின் வாசத்தை வயலுக்குப் பூசி
வேட்டைக்காரனுக்கு அவரை ஊட்டுவது.
வாடை தொடங்கி, கூடுகள் ஆடிக்கொண்டிருந்த
இருபத்து மூன்றாம் நாள்
நாலாம் கூடு கொதித்தது.
ஒரு பிடி போட்டேன், இல்லை.
இன்னொரு பிடி, இல்லை.
வெறும் வாய்கள், வெள்ளி விலாக்கள், என் முகத்தில் உப்பு.
துப்பவில்லை என்று எழுதி
அதன் கீழ் ஒரு கோடும் போட்டேன்.

இறங்குதுறையில் லொறி நின்றது.
அவன் கேட்டான்.
பொய் சொல்ல நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன்.
"இல்லை, மஹ்சூம்."

அவன் எஞ்சினை நிறுத்தினான்.
லொறியின் பின்னால் சூடைத் தண்ணீர்
சொட்டுச் சொட்டாய்த் தாருக்கு விழுந்தது.
என் வாளிக்குள் கைவிட்டான்.
ஒரு உருண்டையை எடுத்து மணந்தான்,
விரலால் உருட்டினான்,
பிறகு, நான் தடுக்க முன்னமே,
வாயில் போட்டான்.

மென்றான்.
நெடுநேரம் மென்றான்.
நான் அவன் உதட்டையே பார்த்திருந்தேன்.

"உப்புக் காணாது" என்றான்.